மூன்று மாதச் சீனி 5.1: வளையாத செங்குழியங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அவருக்கு 56 வயது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் பீற்றூட்டும் வைக்கிற தோட்டக்காரர். மார்கழி மழைக்காலத்து விடியற்காலை ஒன்றில் மகள் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் காய்ச்சல், எழும்பி நாலடி நடந்தால் இளைப்பு, கண்ணில் மஞ்சள். "சலம் தேத்தண்ணிச் சாயம் மாதிரிப் போகுது டொக்டர்" என்றார். (அடையாளம் தெரியாமல் இருப்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இது நடந்த வைத்தியசாலையின் பெயரையும் இதே காரணத்துக்காகச் சொல்லவில்லை.)

மழைக்காலம், தோட்டக்காரர், காய்ச்சல், மஞ்சள் கண், கறுத்த சலம். யாழ்ப்பாணத்தில் இந்த ஐந்தும் சேர்ந்து வந்தால் யாரும் முதலில் எலிக் காய்ச்சலைத்தான் நினைப்பார்கள். நாங்களும் அதைத்தான் நினைத்தோம். பெனிசிலின் தொடங்கினோம், டெங்குவுக்கும் இரத்தம் எடுத்தோம். ஆனால் முதல் முடிவுகள் அந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. குருதிச் சிறுதட்டு 210,000. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்தது. ஈமோகுளோபின் மட்டும் 8.1. அவருடைய சலரோகக் கிளினிக் கொப்பியைப் புரட்டினால், ஐந்து மாதத்துக்கு முன் அது 13.4.

இரத்தம் எங்கும் வடியவில்லை. மலம் கறுப்பாகப் போகவில்லை. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 3.6, அதில் பெரும்பங்கு ஈரலைக் கடக்காத வகை. இளம் செங்குழியங்கள் 12 வீதம். எதிர்ப்புடலைத் தேடும் கூம்ஸ் பரிசோதனை எதிர்மறை. ஆகவே இரத்தம் உடம்புக்குள்ளேயே உடைகிறது, ஆனால் எதிர்ப்புடலால் அல்ல. இதுவரைக்கும் பாடப்புத்தகப்படிதான் போனது. எங்களைக் குழப்பியது வேறு இரண்டு எண்கள்.

முதலாவது 88. விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மானியில் அவருக்கு 88 காட்டியது. முகமூடி போட்டு நிமிடத்துக்கு 10 லீற்றர் ஒட்சிசன் கொடுத்தோம். அப்போதும் 88. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் சுத்தம், எக்ஸ்ரேயும் சுத்தம். மிஸ்ஸி விரலைத் துடைத்துப் பார்த்தார், விரலை மாற்றிப் பார்த்தார், மெஷின் பிழையாக்கும் என்று பக்கத்து வாட்டில் இருந்து வேறொன்றை வாங்கிவந்தார். அதிலும் 88.

இரண்டாவது 5.1. சலரோகக் கொப்பியில் மூன்று கிழமைக்கு முன் எழுதியிருந்த எச்பிஏ1சி அது. நம் சனங்கள் மூன்று மாதச் சீனி என்று சொல்வது இதைத்தான். அதற்கு முந்தைய முறை 8.3 ஆக இருந்தது. நல்ல முன்னேற்றம் என்று கிளினிக்கில் பாராட்டி, மெற்போமின் குளிசையை நாளொன்றுக்கு மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்திருந்தார்கள். ஆனால் வாட்டில் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சீனி 246. காய்ச்சல் நேரத்தில் சீனி ஏறும்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். மகளிடம் வீட்டு மெஷினில் பார்த்த கணக்கைக் கேட்டோம். அவர் ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரண்டு கிழமையும் வெறும் வயிற்றில் 180, 190, 204. அந்தத் தாளும் 5.1 என்ற எண்ணும் ஒரே உடம்புக்குச் சொந்தமாக இருக்க முடியாது.

நாடியில் இருந்து இரத்தம் எடுத்தபோதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. ஊசிக்குள் வந்த இரத்தம் செக்கச் செவேலென்று இல்லை, காய்ச்சின கருப்பட்டிப் பாகு மாதிரி மண்ணிறம். ஒரு துளியை வடிதாளில் விட்டேன். பக்கத்தில் என்னுடைய விரலைக் குத்தி என் இரத்தத்திலும் ஒரு துளி. காற்றுப் பட்டதும் என்னுடையது பளிச்சென்று சிவந்தது. அவருடையது மண்ணிறமாகவே கிடந்தது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன், மாறவில்லை. அளந்தபோது மெத்ஈமோகுளோபின் 18 வீதம்.

ஈமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஒட்சியேற்றப்பட்டு ஒட்சிசனைப் பிடிக்க முடியாமல் போனால் அதன் பெயர் மெத்ஈமோகுளோபின். விரல் மானி இரண்டு நிற ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது. இந்தக் கெட்ட ஈமோகுளோபின் இரண்டு ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சிவிடும், அதனால் அது கூடக் கூட மானியின் கணக்கு 85 பக்கமாக இழுபட்டு அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு ஒட்சிசன் கொடுத்தாலும் அசையாது. மிஸ்ஸி கொண்டுவந்த இரண்டு மெஷினிலும் பிழை இல்லை.

பின்னேரம் ஆய்வுகூடத்தில் இருந்து தொலைபேசி வந்தது. "வந்து ஒருக்காப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்கள். நுணுக்குக்காட்டியின் கீழே செங்குழியங்கள் பல, விளிம்பில் ஒரு துண்டைப் பல்லால் கடித்து எடுத்த தோசை மாதிரி இருந்தன. சிலவற்றில் ஓரத்தில் ஒரு கொப்புளம். மெதில் வயலற் சாயத்தில் ஊறவைத்த இன்னொரு தட்டில், குழியங்களுக்குள்ளே ஓரமாக ஒட்டியபடி ஊதாப் பொட்டுகள். அவைதான் ஹைன்ஸ் துகள்கள். 1890 இல் ஜெர்மனியில் ரொபேர்ட் ஹைன்ஸ் விவரித்தவை. வழக்கமான லீஷ்மன் சாயத்தில் இவை தெரியாது, தேடிப் போனால்தான் அகப்படும். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர், யாரும் கேட்காமலே தானாக அந்தச் சாயத்தைப் போட்டுப் பார்த்திருந்தார். இந்த நோயாளியின் கதை திரும்பியது அவருடைய கையால்தான்.

இப்படியான படம் வந்தால் கேள்வி ஒன்றுதான்: என்ன மருந்து?

காலையிலேயே கேட்டிருந்தோம். "ஐயா, வேறை ஏதும் குளிசை போடுறனீங்களோ?" "இல்லை டொக்டர், சலரோகக் குளிசை மட்டும்தான்." மகளும் தலையாட்டினார். பின்னேரம் மகள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து, திரையை இழுத்துவிட்டு, கட்டிலோரத்தில் இருந்து திரும்பக் கேட்டேன். நாட்டு மருந்தா, பூச்சி மருந்து அடிக்கும்போது ஏதும் பட்டதா, தோல் வருத்தத்துக்கு ஏதும் குடிக்கிறாரா என்று ஒவ்வொன்றாக. தோல் என்ற சொல்லுக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைக்குத் தெரியாது. மருமோன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சால் அவள் இருக்கேலாது" என்றார்.

இரவு மனைவி ஒரு பிஸ்கட் ரின்னைத் துணிக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். உள்ளே தொழுநோய்க்கான கூட்டுமருந்து அட்டைகள். மூன்று முடிந்திருந்தன, நாலாவது நடந்துகொண்டிருந்தது. முதுகில் உணர்ச்சியில்லாத வெளிறிய தழும்புகளைக் கண்டு தோல் கிளினிக்கில் தொடங்கிய சிகிச்சை. இன்றைக்கு இது 12 மாதம் வீட்டில் இருந்தே குளிசை போட்டுக் குணமாக்குகிற நோய். சிகிச்சை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து இல்லாமல் போய்விடும். ஆனால் அவர் சின்ன வயதில் கேட்டது மட்டக்களப்பு வாவிக்குள், தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த மாந்தீவைப் பற்றி. அந்தப் பயம் இன்னும் அவருக்குள் இருந்தது.

அந்த அட்டையில் மூன்று மருந்து. மாதம் ஒருமுறை ரிபாம்பிசின், அன்றாடம் குளோபசிமின், அன்றாடம் 100 மில்லிகிராம் டாப்சோன். குற்றவாளி டாப்சோன். ஆனால் இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம், மற்ற இரண்டும் சேர்ந்து அதை மறைத்த விதம். ரிபாம்பிசின் போட்டால் சலம் சிவக்கும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அது சரியான அறிவுரைதான். ஆனால் அது குளிசை போட்ட உடனே வந்து ஒன்றிரண்டு நாளில் போய்விடும் செம்மஞ்சள் நிறம். இவருக்குச் சலம் கறுத்தபோது அதுவும் இதுதான் என்று இருந்துவிட்டார். குளோபசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்கும். அதனால் வெளிறலும் தெரியவில்லை, நீலமும் தெரியவில்லை. ஏறக்குறைய 1.5 கிராம் மெத்ஈமோகுளோபின் இருந்தால் உதடு நீலமாகத் தெரியத் தொடங்கும். இவர் அந்த எல்லையில்தான் நின்றார். நாக்கை நீட்டச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அந்த ஈய நிறத்தைக் கண்டோம். மூன்றாவது திரை எச்பிஏ1சி.

சரி, டாப்சோன் செங்குழியத்துக்கு என்ன செய்தது?

செங்குழியம் ஏறக்குறைய 8 மைக்ரோமீற்றர் அகலமான தட்டு. மயிர்க்குழாய்கள் பலவற்றின் உள்விட்டம் அதைவிடக் குறைவு. மண்ணீரலில் அது நுழைந்து போக வேண்டிய பிளவுகளோ 1 மைக்ரோமீற்றர்கூட அகலம் இல்லாதவை. 120 நாள் ஆயுளில் திரும்பத் திரும்ப அந்தப் பிளவுகளுக்குள்ளால் தன்னைப் பிழிந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதற்கு மூன்று விடயம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, தோல் தளர்வாக இருக்க வேண்டும். சராசரிக் குழியத்தின் கனவளவு 90 கன மைக்ரோமீற்றர். அதை உருண்டையாகச் சுற்றிக் கட்ட 97 சதுர மைக்ரோமீற்றர் தோல் போதும், ஆனால் அதனிடம் 140 இருக்கிறது. அந்த மிச்சத் தோல்தான் அதை எந்த வடிவத்துக்கும் மடிய விடுகிறது. இரண்டாவது, உள்ளே இருக்கும் ஈமோகுளோபின் கரைசல் தண்ணீராக ஓட வேண்டும், தடித்துவிடக் கூடாது. மூன்றாவது, மென்சவ்வுக்கு அடியில் வலை போலப் பின்னியிருக்கும் ஸ்பெக்ட்ரின் புரதம் இழுபட்டுத் திரும்பிச் சுருங்க வேண்டும்.

டாப்சோன் இந்த மூன்றிலும் கை வைத்தது. மருந்தை ஈரல் ஐதரொக்சிலமைன் என்ற வடிவத்துக்கு மாற்றுகிறது. அது செங்குழியத்துக்குள் போய் ஈமோகுளோபினை ஒட்சியேற்றுகிறது. முதலில் மெத்ஈமோகுளோபின், பிறகு அது உருக்குலைந்து கட்டி கட்டியாக மென்சவ்வின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் பார்த்த ஊதாப் பொட்டுகள் அவைதான். கூடவே ஸ்பெக்ட்ரின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலை விறைத்துப்போகும், குழியம் தண்ணீரை இழந்து உள்ளே தடிக்கும்.

இடியப்பம் பிழிகிறவர்களுக்கு அடுத்து நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. பதமாகக் குழைத்த மா உரலின் துளைகளால் நூலாக இறங்கும். குழையாத ஒரு கட்டி உள்ளே கிடந்தால் அது துளையின் வாயில் நின்றுவிடும், சுற்றியுள்ள மா அதை விட்டுவிட்டு இறங்கும். மண்ணீரலின் பிளவிலும் இதுதான். குழியத்தின் வளைகிற பகுதி நுழைந்து போய்விடுகிறது, ஹைன்ஸ் துகள் ஒட்டிய பகுதி மாட்டிக்கொள்கிறது, அங்கே காத்திருக்கும் விழுங்கற் கலங்கள் அந்தத் துண்டைக் கிள்ளி எடுக்கின்றன. கடிபட்ட தோசை வெளியே வருகிறது. ஒவ்வொரு கிள்ளலிலும் மென்சவ்வு குறைகிறது, உள்ளடக்கம் அவ்வளவாகக் குறைவதில்லை. தளர்வாக இருந்த தோல் இறுகி, குழியம் உருண்டையை நோக்கிப் போகிறது. அடுத்த சுற்றில் அதனால் பிளவுக்குள் நுழையவே முடியாது, அங்கேயே அழிக்கப்படும்.

இப்போது அந்த 5.1 க்கு வரலாம். சீனி செங்குழியத்தின் ஈமோகுளோபினில் நாளாக நாளாகத்தான் ஒட்டும். வயதான குழியத்தில் அதிகம், இளசில் குறைவு. குழியங்கள் 120 நாள் வாழாமல் பாதி வழியிலேயே செத்துக்கொண்டிருந்தால், இரத்தத்தில் மிஞ்சுவது இளசுகள்தான். சீனி எவ்வளவு ஏறியிருந்தாலும் எச்பிஏ1சி அழகாக இறங்கிக் காட்டும். டாப்சோன் எடுப்பவர்களில் இது நன்கு அறியப்பட்ட விடயம். ஈமோகுளோபின் பெரிதாக விழாமல் எலும்பு மச்சை ஈடுகொடுத்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே இது நடக்கும். வளைகிற தன்மையை அளக்கும் கருவிகள் உலகில் உண்டு, ஆனால் நம் வாட்டில் எழுதிக் கேட்டுப் பெறும் பரிசோதனை அல்ல அது. அதன் நிழலைத்தான் நாங்கள் பார்க்க முடியும். மூன்று கிழமைக்கு முன் அந்த நிழல் கொப்பியில் விழுந்திருந்தது, நல்ல செய்தி என்று வாசித்துவிட்டோம். எந்தக் கிளினிக் என்பது முக்கியமில்லை, நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தாலும் பாராட்டித்தான் அனுப்பியிருப்பேன். அதுதான் எனக்கு நித்திரை இல்லாமல் செய்தது.

டாப்சோன் குடிக்கும் எல்லோருக்கும் செங்குழிய ஆயுள் கொஞ்சம் குறையும், பெரும்பாலானோர் அதைச் சமாளிப்பார்கள். இவருக்கு ஏன் இப்படி விழுந்தது? செங்குழியத்துக்குக் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. ஒட்சியேற்றத் தாக்குதலில் இருந்து தன்னைக் காக்க அது நம்பியிருப்பது ஜி6பிடி என்ற ஒரு நொதியம் ஓட்டுகிற பாதையை. அந்த நொதியம் குறைந்தவர்கள் உண்டு. 1956 இல் மலேரியா மருந்தான பிறிமாகுயின் குடித்துச் சிலருக்கு மட்டும் ஏன் இரத்தம் உடைகிறது என்று தேடிப் போனபோதுதான் இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது. 2016 இல் மலேரியா அற்ற நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்த பிறகு பிறிமாகுயினை நம் தலைமுறை வைத்தியர்கள் அதிகம் தொட்டதில்லை. ஜி6பிடி குறைவா என்று கேட்கிற பழக்கமும் கொஞ்சம் மங்கிப்போய்விட்டதோ என்று நினைக்கிறேன்.

ஜி6பிடிக்கு இரத்தம் எடுத்தோம், அதுவும் வேறு இரத்தம் ஏற்றுவதற்கு முன். முடிவு சாதாரண எல்லையின் அடிவிளிம்பில் வந்தது. அதை நாங்கள் நம்பவில்லை. நொதியம் குறைந்த பழைய குழியங்கள் எல்லாம் உடைந்து போன பிறகு மிஞ்சியவை இளசுகள், அவற்றில் நொதியம் அதிகமாகவே இருக்கும். எச்பிஏ1சியை ஏமாற்றிய அதே இளசுகள் இதையும் ஏமாற்றும். மூன்று, நாலு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கொப்பியில் கொட்டை எழுத்தில் எழுதினோம். இரண்டு நாள் காய்ச்சலும் சும்மா வரவில்லை. ஏற்கெனவே விளிம்பில் நின்ற குழியங்களைத் தொற்று ஒன்று தள்ளிவிட்டது. அது எலிக் காய்ச்சலோ டெங்குவோ இல்லை என்பது மட்டும் பிறகு உறுதியானது.

சிகிச்சையில் பெரிதாக ஒன்றும் இல்லை. டாப்சோனை அன்றிரவே நிறுத்தினோம். மெத்ஈமோகுளோபினுக்கு வழக்கமான மாற்று மருந்து மெதிலீன் நீலம். ஆனால் அது வேலை செய்வதற்கே ஜி6பிடி பாதை வேண்டும், அந்த நொதியம் குறைந்தவருக்கு அதைக் கொடுத்தால் இரத்தம் இன்னும் உடையும். 18 வீதத்துக்கு அந்த ஆபத்தை எடுக்கத் தேவையில்லை என்று முடிவு செய்து, வைட்டமின் சியும் போலிக் அமிலமும் கொடுத்துச் சலம் நன்றாகப் போகும்படி பார்த்துக்கொண்டோம். டாப்சோன் உடம்பை விட்டு மெல்லத்தான் போகும், எண்கள் உடனே திரும்பவில்லை. இரண்டாம் நாள் ஈமோகுளோபின் 6.9 க்கு விழுந்து நெஞ்சு படபடத்தபோது ஒரு பை இரத்தம் ஏற்றினோம். ஆறாம் நாள் விரல் மானி 96 காட்டியது. மிஸ்ஸி இரண்டு மெஷினிலும் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

தொழுநோய் மருந்தை முழுதாக நிறுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இவருக்கு இருக்கும் வகையில் டாப்சோனை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் தொடர்ந்தால் போதும். தோல் கிளினிக்கோடு பேசி அப்படியே செய்தோம். தொடங்கும்போது அங்கே ஈமோகுளோபின் பார்த்திருக்கிறார்கள். பிறகு பார்க்கக் கூப்பிட்ட நாட்களில் அவர் போகவில்லை. அன்றைக்கு அந்த வரிசையில் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டு திரும்பி வந்துவிட்டாராம்.

செங்குழியத்தின் வளைவில் கை வைக்கிற மருந்து டாப்சோன் மட்டும் இல்லை, எல்லாமே கெடுப்பவையும் இல்லை. மென்சவ்வின் இரண்டு படைகளில் எதற்குள் ஒரு மருந்து நுழைகிறது என்பதைப் பொறுத்துக் குழியத்தின் வடிவம் மாறும் என்று ஷீற்ஸ், சிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974 இல் காட்டினார்கள். மனநோய்க்குக் கொடுக்கிற குளோர்புறோமசின் உட்படையில் சேர்ந்து குழியத்தைக் கிண்ணமாக்கும். வெளிப்புறப் படையில் சேர்பவை முள்ளு முள்ளாக்கும். கடும் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேற் கொடுத்தால், செத்த ஒட்டுண்ணியை மண்ணீரல் குழியத்துக்குள் இருந்து பிதுக்கி எடுத்துவிட்டுக் குழியத்தைத் திருப்பி அனுப்பும். அப்படித் தப்பி வந்த குழியங்கள் ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள் கூட்டமாக உடைந்து போவதும் உண்டு. மறுபக்கம், காலில் இரத்தோட்டம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிற பென்ரொக்சிபிலின் குழியத்தை நெகிழ வைக்கும் மருந்து. அரிவாள் செல் நோயில் ஐதரொக்சியூரியா சிசு ஈமோகுளோபினைக் கூட்டிக் குழியம் விறைப்பதைக் குறைக்கிறது. சலரோகத்தில் சீனியே குழியத்தை விறைக்க வைக்கும், ஆகவே நம் தோட்டக்காரரின் குழியங்கள் டாப்சோன் வருவதற்கு முன்பே கொஞ்சம் இறுகித்தான் இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்து வந்தார். ஈமோகுளோபின் 13.1. எச்பிஏ1சி 8.6. அந்த எண்ணைப் பார்த்து வாட்டில் சந்தோசப்பட்டது நாங்கள்தான், அவர் இல்லை. மெற்போமினைப் பழைய அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். இடைப்பட்ட மாதங்களில் மகள் எழுதிய விரல் நுனிக் கணக்கை வைத்துத்தான் சீனியைப் பார்த்திருந்தோம். ஜி6பிடி இந்த முறை தெளிவாகக் குறைவு. இரண்டு கிளினிக் கொப்பியையும் ஒரு றப்பர் பட்டியால் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மனைவிதான் மகளுக்குச் சொன்னாராம். மகள் அழவில்லை, கோபப்பட்டிருக்கிறார், தன்னிடம் மறைத்ததற்காக.

மகள் அன்றைக்கு வந்தது தன்னுடைய கேள்வியோடு. "இது பிள்ளையளுக்கும் வருமோ டொக்டர்?" அவருடைய தம்பிக்கு அப்பாவிடமிருந்து வராது. இந்தக் குறைபாடு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, மகனுக்கு அப்பா கொடுப்பது வை. ஆனால் மகளுக்கு அப்பாவின் எக்ஸ் கட்டாயம் வந்திருக்கும். அவருடைய ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மடியில் இருந்த நாலு வயதுப் பேரனுக்கு அப்போதே இரத்தம் எடுத்தோம். அவன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழாமல் இருந்தான். குறைவு என்றே முடிவு வந்தது. அவனுடைய சுகாதாரப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் அதை எழுதி, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் கீழே எழுதிக் கொடுத்தேன். முதலாவதாக டாப்சோன்.